கஞ்சியில் கரைத்த மாத்திரை

மகனுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குவது முறை. கேட்டால் நீ நலம் என்பாய், நீ திருப்பிக் கேட்டால் நானும் நலம் என்பேன். எடுத்த எடுப்பில் இரண்டு பொய் எதற்கு என்று அதை விட்டுவிடுகிறேன். வெளிநாட்டுக்குக் கிளம்பும் முன் நீ ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அப்பா அங்கே படுத்திருந்தபோது மூக்குக் குழாய் வழியாக நீ அவருக்குக் கொடுத்த மாத்திரையைப் பற்றி, அந்த ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டரிடம் உன் வாயால் சொல்ல வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான். கடிதத்தின் மீதியெல்லாம், நீ ஏன் போகாமல் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும் என்பதற்காக எழுதுவது.

இதை முகநூலில் போட வேண்டுமா என்று கேட்பாய். உனக்கு நேராக எழுதிப் பார்த்தேன், இரண்டு நீலக் குறி விழுந்தது, பதில் விழவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன், மீட்டிங்கில் இருந்தாய். ஞாயிற்றுக்கிழமையும் மீட்டிங் வைக்கிற நிறுவனம் உருப்படும் என்று நினைத்துக்கொண்டேன். இங்கே எழுதினால் நம் உறவினர் நாலு பேர் "உங்க அம்மா எழுதினது மாதிரியே இருக்குப்பா" என்று உனக்கு அனுப்பி வைப்பார்கள். அவர்கள் அனுப்புவதை மட்டும் நீ படிக்கிறாய் என்பது என் அனுபவம். யார் பெயரும் போடவில்லை. டாக்டர்கள் பார்த்துவிடுவார்களோ என்று பயப்படாதே. அவர்கள் படிக்கிற இடங்களில் அம்மாக்கள் எழுதுவதில்லை.

அப்பாவுக்கு முடியாமல் போன அன்றைக்கு நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும், நீ சென்னீர்குப்பத்தில் உன் ஃபிளாட்டில் இருந்தாய். நம் தெருவில் பாதாளச் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டி, மூடுவதற்கு ஆள் வராமல், அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா வாசலில் நின்று அவர்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். ஆயுள் முழுக்கக் கண்டக்டராக இருந்தவருக்கு அடுத்தவர் வேலையில் ரைட் சொல்லாமல் இருக்க முடியாது. திடீரென்று தலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். "தலையில இடி எறங்கின மாரி கீது. ஒரு டீ போடு" என்றார். டீ கொதிப்பதற்குள் வாந்தி. பக்கத்து வீட்டில் தைலம் கொண்டுவந்தார்கள், எதிர்வீட்டில் சோடா கொண்டுவந்தார்கள், மேனாம்பேடே சேர்ந்து அது பித்தம் என்று முடிவுசெய்தது. உன் சித்தப்பா மட்டும்தான், மற்ற நாளெல்லாம் புத்தி இல்லாதவன், அன்றைக்கு எதுவும் பேசாமல் தன் குட்டியானை வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து, லோடு ஏற்றுகிற இடத்தில் மெத்தையைப் போட்டு அண்ணனை ஏற்றினான். பாடி மேம்பாலம் வரைக்கும் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

மூளையில் ஒரு ரத்தக்குழாயின் சுவரில் சின்னக் குமிழி இருந்ததாம், அது வெடித்துவிட்டதாம். மண்டையைத் திறந்து அந்த இடத்தில் கிளிப் போட்டார்கள். அப்பா கண் விழித்து, "டெப்போவுல லீவு சொல்லிட்டியா" என்று கேட்டார். ஓய்வு பெற்றவருக்கு எதற்கு லீவு என்று நான் சொல்லவில்லை, பேசினாரே என்றிருந்தது. நீ அழுதாய். சித்தப்பா வார்டு முழுக்கச் சாக்லேட் கொடுத்தான். கெட்டது முடிந்துவிட்டது என்று நினைத்தோம். நினைத்தோம் என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இப்போது வாய் கசக்கிறது.

அப்போதுதான் அந்த டாக்டர் நம் மூன்று பேரையும் உட்காரவைத்து இரண்டாவது ஆபத்தைச் சொன்னார். மூளைக்கு வெளியே சிந்திய ரத்தம் அங்கேயே தேங்கி, சுற்றியிருக்கிற குழாய்களை எரிச்சலூட்டும். சில நாள் கழித்து அவை தாமாகவே சுருங்கும். சுருங்கினால் மூளைக்கு ரத்தம் போவது குறையும். உனக்குப் புரிந்ததோ இல்லையோ, எனக்கு உடனே புரிந்தது. அம்பத்தூர் ஏரி நிரம்பித் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது வீட்டுக் குழாயில் ஒரு சொட்டு வராமல் இருந்திருக்கிறோமே, அதேதான். தலை முழுக்க ரத்தம், மூளைக்குப் பஞ்சம். பிரஷர் இறங்கவே கூடாது, இறங்கினால் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் ஏறாது என்கிற மாதிரி சொன்னார். வாழ்நாளெல்லாம் பிரஷர் ஏறக் கூடாது என்று அந்த மனிதருக்கு உப்பில்லாமல் சமைத்துப் போட்டவள் நான். தலையாட்டிக்கொண்டேன்.

இந்தச் சுருக்கத்துக்கு எல்லோருக்கும் கொடுக்கிற மாத்திரை ஒன்று உண்டு, அதை அப்பாவுக்கும் கொடுத்தார்கள். அது போதவில்லை என்பதால் இன்னொரு மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தால் பயன் இருக்குமா என்று பல ஊர்களில் சோதித்துப் பார்க்கிறார்கள். புது மருந்து இல்லை, காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கு வெகுகாலமாகக் கொடுக்கிற மாத்திரைதான். சேர்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது கிடைக்கும். மீதிப் பேருக்கு அதே நிறம், அதே அளவு, உள்ளே வெறும் மாவு. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் முடிவுசெய்யும், எனக்கும் தெரியாது என்றார் டாக்டர். நீ அந்தத் தாள்களை ஒரு வரி விடாமல் படித்தாய். நான் கையெழுத்துப் போட்டேன். நம் குடும்பத்தில் வேலைப் பங்கீடு எப்போதும் அப்படித்தான்.

உன் சித்தப்பாவுக்குத்தான் விளங்கவில்லை. ஆராய்ச்சி வேலையைப் பார்க்கிற அந்த நர்ஸைப் பிடித்துக்கொண்டான். உனக்கு நினைவிருக்கும், நீ வெட்கப்பட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

"இன்னாம்மா இது, பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மாவா? ரேஷன் கடையில கூட இப்டிப் பண்ண மாட்டாங்களே."

"அப்படி வெச்சாதான் மருந்து வேலை செய்யுதான்னு தெரியும்ங்க."

"சர்தான். எங்க அண்ணன் எந்தப் பக்கம் கீறாரு?"

"எங்களுக்கே தெரியாதுங்க. கம்ப்யூட்டர்தான் போடும்."

"அந்தக் கம்ப்யூட்டர யாரு பாத்துக்கிறாங்க?"

"அது வெளியூர்ல இருக்குங்க."

"எந்த ஊரு? அங்க நம்மாளு எவனாச்சும் இருப்பான்." அவள் சிரித்துவிட்டுப் போனாள். அவன் உன் பக்கம் திரும்பினான். "நைனா, நீ கம்ப்யூட்டர்லதானே கீற? உள்ள பூந்து அப்பா பேர மருந்து பக்கமாத் தள்ளிட்டு வா."

"அப்படில்லாம் பண்ண முடியாது சித்தப்பா."

"அப்ப இன்னாத்துக்குப் படிச்ச?"

அவன் அதோடு விடவில்லை. வார்டு கவுன்சிலரைப் பிடித்து டாக்டருக்கு போன் போட வைத்தான். "நம்ம ஏரியா ஆளு, கொஞ்சம் பாத்து மருந்து பக்கமாப் போட்டுக் குடுங்க" என்று கவுன்சிலர் கேட்டிருக்கிறார். டாக்டர் தனக்கே தெரியாது என்றிருக்கிறார். கவுன்சிலர் சித்தப்பாவிடம், "டாக்டர் ரொம்ப ஸ்டிரிக்டுப்பா, மேலதான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டார். நான் அவர்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. இந்த ஊரில் ரேஷன் கார்டிலிருந்து சுடுகாடு வரைக்கும் ஒரு வார்த்தை சொன்னால் நகர்கிறது. உனக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்ததும் ஒருவர் சொன்ன வார்த்தையில்தான், நீ நுழைவுத் தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணில் இல்லை. இதைச் சொல்லாமலே வைத்திருந்தேன், வெளிநாடு போகிறவனுக்குத் தெரிந்திருக்கட்டும். யாராலும் சிபாரிசு செய்ய முடியாத ஒரு விஷயம் இருக்கிறது என்றால், கள்ளிக்குப்பத்தில் பிறந்த உன் சித்தப்பா அதை எப்படி நம்புவான்? அவனுடைய அப்பன், உன் தாத்தா, அடுத்தவன் வயலில் மடை திறந்துவிடுகிற கூலி. தண்ணீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று எவனோ ஒருவன் சொல்கிறான் என்பதுதான் அந்தக் குடும்பம் உலகத்தைப் பற்றிக் கற்ற முதல் பாடம்.

எனக்கு அந்த ஏற்பாடு புரிந்தது, அதுதான் இன்னும் மோசம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்பிரிங் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் நான் செய்ததே அந்த வேலைதானே. ஒவ்வொரு லாட்டிலிருந்தும் சிலவற்றை எடுத்து, உடைகிற வரைக்கும் அழுத்துவோம். உடைந்தது குப்பைக்குப் போகும், மீதியெல்லாம் நல்லது என்று வண்டியேறும். எந்த ஸ்பிரிங்கிடமும் சம்மதம் கேட்டதில்லை. இங்கே கேட்டார்கள், மரியாதையாகக் கேட்டார்கள், பதில் சொல்லவும் நேரம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை. இன்னொன்றும் அந்த வேலையில் தெரிந்துகொண்டேன். சோதனைக்கு வைத்த பொருளை இடையில் யாராவது தொட்டுவிட்டால் தொட்டேன் என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் கெட்டது அந்த ஒன்று இல்லை, அந்த லாட் முழுவதும்.

நீயும் சோதிக்கிறவன்தான். மென்பொருளைச் சோதிப்பது உன் உத்தியோகம். சோதனை ஓடும்போது எவனோ ஒருவன் உன்னிடம் சொல்லாமல் எதையோ மாற்றிவிட்டான் என்று ஒரு பொங்கலன்று சாப்பிடாமல் கத்திக்கொண்டிருந்தாய். அப்படிப்பட்ட நீ, அந்தத் தாள்களில் பக்கவிளைவுகள் என்ற பக்கத்தை மறுபடி மறுபடி படித்தாய். தலைவலி வரலாம், நெஞ்சு படபடக்கலாம் என்றிருந்தது. அப்பாவுக்குப் படபடப்பு இல்லை. தலைவலி இருக்கிறதா என்று மண்டையைத் திறந்து மூடிய மனிதரிடம் கேட்டாய், அவர் இல்லை என்றார். அவர் யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லிப் பழகியவர், சில்லறை உட்பட. நீ கணக்குப் போட்டுவிட்டாய். அப்பா மாவுப் பக்கம்.

அதற்குப் பிறகு நடந்தது சித்தப்பா சொல்லித்தான் எனக்கு முழுதாகத் தெரியும். நீ மாத்திரையின் பெயரைச் சொன்னாய், அவன் மருந்துக்கடையில் கால் வலிக்கு என்று கேட்டான், கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். டாக்டர் சீட்டு கேட்கவில்லை. அப்போது தீவிரப் பிரிவிலிருந்து வார்டுக்கு மாற்றியிருந்தார்கள், விழுங்கினால் புரையேறுகிறது என்று மூக்கில் போட்ட குழாயை இன்னும் எடுக்கவில்லை, அதில் கஞ்சி ஊற்றுவதை நமக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் கீழே டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது நீ கஞ்சி டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாய். பிறந்ததிலிருந்து ஒரு டம்ளர் கழுவாதவன் கழுவுகிறானே, பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அன்று மத்தியானம் பிரஷர் இறங்கியது. நெஞ்சு துடிக்கிற வேகத்தில் தலைமாட்டில் இருந்த கருவி கத்தியது. ஓடி வந்தார்கள், மருந்து ஏற்றினார்கள், ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். சாயங்காலத்துக்குள் வலது கை விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது. டாக்டர் வெளியே வந்து நம்மிடம் கேட்டார், "நாங்க குடுத்ததைத் தவிர வேற ஏதாவது குடுத்தீங்களா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க, திட்ட மாட்டேன்." நீ என்னைப் பார்த்தாய். பிறகு அவரைப் பார்த்து, "கஞ்சி மட்டும்தான் டாக்டர்" என்றாய்.

அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று நீ யோசித்திருக்க மாட்டாய். எனக்கு உடனே தெரிந்தது. சின்ன வயதில் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரி மருந்தும் கொடுத்தேன், கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கியும் கொடுத்தேன், உன் அத்தை திருவேற்காட்டில் மந்திரித்த கயிறும் கட்டினாள். ஒரு வைத்தியரிடம் இன்னொரு வைத்தியரைப் பற்றிச் சொல்லக் கூடாது என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். சொன்னால் திட்டுவார், இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் எதுவோ ஒன்று பிடித்துக்கொள்ளும். வேறு என்ன கொடுக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டபோது, கட்டிலில் நீ முழித்துக்கொண்டு படுத்திருக்க, நான் சொன்னேன்: "மோர் மட்டும்தான் டாக்டர்." நீ பிழைத்துக்கொண்டாய். டாக்டர் தன் மருந்து என்றார், நான் கீழாநெல்லி என்றேன், அத்தை இன்றுவரை கயிறு என்கிறாள். எது என்று யாருக்கும் தெரியாது, யாரும் தெரிந்துகொள்ள விரும்பவும் இல்லை. பிள்ளைகளுக்கு நாம் அறிவுரை சொல்லிக் கொடுப்பதெல்லாம் வீண் வேலை, மகனே. அவர்கள் நாம் சொல்வதைக் கேட்பதில்லை, நாம் டாக்டரிடம் சொல்வதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆராய்ச்சி மாத்திரையை அன்றோடு நிறுத்திவிட்டார்கள். அது செய்த கேடாக இருக்கலாம் என்று எழுதிக்கொண்டார்கள். மருந்துப் பக்கமா மாவுப் பக்கமா என்று யாருக்கும் தெரியாத நிலையில், நடந்த கேடு மட்டும் நம் அப்பா பெயரில் அங்கே இருக்கிறது.

இப்போது அப்பா எப்படி இருக்கிறார் என்று நீ வீடியோவில் பார்க்கிறாய், முகத்தை மட்டும். முகம் நன்றாகத்தான் இருக்கிறது, முகத்துக்குக் கீழேதான் எல்லாம். பேச்சு மொத்தமும் போய் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருக்கிறது: ரைட். பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண், நெடுநாள் பழக்கத்தில் ஊறிய சொல் சில பேருக்கு அப்படித் தங்கிவிடும் என்றாள். சோறு போதுமா என்றால் ரைட். போதாதா என்றாலும் ரைட். மலம் கழித்துவிட்டாலும் ரைட், அதை நான் துடைக்கும்போது கண்ணில் தண்ணீர் வழிய அப்போதும் ரைட். சித்தப்பா ஒரு நாள் காலடியில் உட்கார்ந்து, "அண்ணாத்தே, நான்தான் வாங்கியாந்தேன், பையன் நல்லதுக்குன்னுதான் குடுத்தான்" என்று அழுதான். அண்ணன் அவனைப் பார்த்து ரைட் என்றார். மன்னித்துவிட்டார் என்று அவன் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். கேஸ் சிலிண்டர் காலியாகிவிட்டது என்றபோதும் அவர் அதே குரலில் அதையேதான் சொன்னார். ஆகவே அதை நம்பி நீ எந்த முடிவுக்கும் வந்துவிடாதே.

நீ வருவதில்லை. பூந்தமல்லி பக்கத்திலிருந்து மேனாம்பேடு வர எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும், மழை நாளையும் சேர்த்து. ஆனால் காற்று மெத்தை வருகிறது, சக்கர நாற்காலி வருகிறது, பெரியவர்களுக்கான டயப்பர் மூட்டை மூட்டையாக வருகிறது. பார்சல் கொண்டுவருகிறவர் அப்பாவுக்கு உன்னைவிட நன்றாகப் பழக்கமாகிவிட்டார். உள்ளே வந்து கையைத் தொட்டு "எப்படி கீறீங்க பெரியவரே" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார். நான் குறை சொல்லவில்லை. அட்டைப்பெட்டிகளைப் பழைய பேப்பர் கடையில் போட்டால் நல்ல விலை கிடைக்கிறது. வீட்டுக்கு வந்தால் எனக்கு என்ன தெரிந்துவிடும் என்று பயப்படுகிறாயோ, அது எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. நான் கேட்கவில்லை. கேட்டால் நீ உண்மையைச் சொல்லிவிடுவாயோ என்று இருந்தது.

போன மாதம் கடைசிப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். தனியாக நடக்கிறாரா, தானாகச் சாப்பிடுகிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எந்த அளவுக்கு மனிதராக மிஞ்சியிருக்கிறார் என்று ஒரு மதிப்பெண் போடுவார்கள். அப்பா கேள்விகளுக்கெல்லாம் ரைட் ரைட் என்று உற்சாகமாகப் பதில் சொன்னார், மதிப்பெண் குறைவாகத்தான் வந்தது. முடிந்தும் நான் கிளம்பவில்லை. இன்னும் எத்தனையோ ஊர்களில் எவனோ ஒருவனுடைய அம்மா இதே தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பாள். இந்த மாத்திரை நல்லதா கெட்டதா என்று அவர்கள் தீர்மானிக்கும்போது நம் வீட்டுக் கஞ்சியும் அதில் கலந்திருக்கும். அந்த நர்ஸிடம் சொன்னேன், "அன்னிக்கு நாங்க கடையில வாங்கின மாத்திரையும் கரைச்சு ஊத்தினோம்மா."

திடுக்கிடுவாள் என்று நினைத்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னாள். "நிறைய பேர் குடுப்பாங்கம்மா. வேர் அரைச்சுக் குடுப்பாங்க, தாயத்துக் கழுவின தண்ணி குடுப்பாங்க, பக்கத்து பெட்காரர் மாத்திரையை வாங்கிக் குடுப்பாங்க. வந்து சொல்றவங்கதான் கிடையாது" என்றாள். அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். அத்தனை பேரும் கெடுத்தது போக மிச்சத்தில்தான் அவர்கள் மருந்து கண்டுபிடிக்க வேண்டும். நாம் கெட்டவர்களாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, எல்லோரும் பாசத்தில் செய்கிறோம்.

டாக்டர் வந்தார். திட்டவில்லை, அன்றைக்குச் சொன்ன சொல்லை இன்றைக்கும் காப்பாற்றினார். அந்த மாத்திரையால்தான் இப்படி ஆனதா என்று கேட்டேன். அப்பா ஏற்கெனவே மருந்துப் பக்கம் இருந்திருந்தால், கரைத்து ஊற்றியதும் சேர்ந்து அளவு மீறியிருக்கலாம், பிரஷர் அதனால் இறங்கியிருக்கலாம். மாவுப் பக்கம் இருந்திருந்தால் நாம் ஊற்றியது மட்டும்தான். எதுவுமே ஊற்றாமல் இருந்திருந்தாலும் அந்த வியாதியே அதே நாளில் அதே கையை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆராய்ச்சி முடிந்தபின் எந்தப் பக்கம் என்பது தெரியும், ஆனால் இந்த ஒரு மனிதருக்கு எதனால் ஆனது என்பது அப்போதும் தெரியாது என்றார். உனக்கு இதில் ஒரு விடுதலை இருக்கும் என்று நீ நினைக்கலாம். நானும் அப்பாவை வண்டியில் ஏற்றும்வரை நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, நீ செய்யவில்லை என்று உனக்குச் சொல்ல இனி எவராலும் முடியாது.

இதோடு முடிந்திருந்தால் உனக்கு இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். டாக்டர், நடந்ததைச் சரியாகப் பதிந்துகொள்கிறேன், யார் கொடுத்தது என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "நான்தான் டாக்டர்" என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது, யார் சொன்னது என்று நானே திரும்பிப் பார்த்தேன். எப்போது என்று கேட்டார். நான் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தை, நான் கொடுத்த நேரமாகச் சொன்னேன். எத்தனை மாத்திரை என்று கேட்டார்.

அது எனக்குத் தெரியாது. சித்தப்பாவுக்கும் தெரியாது, அவன் மாத்திரை அட்டையை உன் கையில் கொடுத்துவிட்டு வெளியே நின்றிருக்கிறான். அதற்கு முந்தைய நாளும் கொடுத்தாயா, அன்றைக்கு மட்டும்தானா என்பதும் தெரியாது. நர்ஸ் பேனாவோடு காத்திருந்தாள். ஒன்று என்றால் பொய் என்று தெரிந்துவிடும், மூன்று என்றால் கொலை மாதிரி இருக்கும். இரண்டு என்றேன். எழுதிக்கொண்டாள். கையெழுத்துக் கேட்டாள், போட்டேன். இடையில் தொட்டவள் சொல்லிவிட வேண்டும் என்று போனவள், தொடாததைத் தொட்டதாகச் சொல்லி, தெரியாத எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தேன். அங்கே இருந்த உன் பொய்யை எடுத்துவிட்டு, அதே இடத்தில் என் பொய்யை வைத்திருக்கிறேன், அவ்வளவுதான் நடந்தது. உன்னைக் காப்பாற்றினேன் என்று பெரிதாக நினைத்துக்கொள்ளாதே. காலமெல்லாம் உப்பில்லாமல் சமைத்ததைப்போல அதுவும் ஒரு பழக்கம்.

நீ போய்ச் சொன்னால் அப்பாவுக்குக் கை வராது. உனக்குத் தூக்கம் வரும் என்றும் நான் உறுதி சொல்ல மாட்டேன், எனக்கு வரவில்லை. உன் வேலைக்கோ விசாவுக்கோ ஆபத்து வருமா என்று விசாரித்தேன், வராதாம். யாரும் உன்னை எதுவும் செய்யப் போவதில்லை, அதற்கும் நீ தயாராக இருக்க வேண்டும். அவர்கள் நான் சொன்னதை அடித்துவிட்டு நீ சொல்வதை எழுதிக்கொள்வார்கள். நம் வீட்டிலிருந்து உலகத்துக்குப் போகிற ஒரே சரியான தகவல் அதுவாக இருக்கும். ஒன்றோ, ஐந்தோ, எதுவாக இருந்தாலும் அதைச் சொல். எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உன் விமானம் வியாழக்கிழமை என்று சித்தப்பா சொன்னான், நீ சொல்லவில்லை. டாக்டர் புதன்கிழமை காலையில் புறநோயாளிப் பிரிவில் இருப்பார். சீட்டுப் போட வேண்டாம், அந்த நர்ஸிடம் அப்பா பெயரைச் சொன்னால் போதும். மத்தியானத்துக்கு மேல் போனால் பார்க்க முடியாது.

அம்மா